சேற்றுப்புண்

நாலு காலும் வெள்ளை, நெற்றியிலும் ஒரு கீற்று.
பஞ்சகல்யாணி என்று சொல்லித்தான் விற்றான்
சேலத்துத் தரகன். இருபதாயிரம் கூட.
ஊர்வலத்துக்கு அப்படித்தான் கேட்கிறார்கள்,
மாப்பிள்ளைக்குக் கீழே நாலு வெள்ளை
வீடியோவில் மின்ன வேண்டுமாம்.

வெள்ளை மயிருக்கு அடியில் தோல்
ரோஜா நிறம் என்று அவன் சொல்லவில்லை.
கரிசல் அதைத் தேடி வந்து கடிக்கும் என்றும்.

கப்பலூர் டோல்கேட்டுக்குப் பின்னால்
எங்கள் முக்கால் ஏக்கர்.
ஐப்பசி பிறந்ததிலிருந்து பதினோரு நாள் மழை.
ஊறிய கரிசல் மண்ணில்லை, பசை.
செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு
காலை மட்டும் திருப்பித் தரும்.
கட்டிப்போட்டால் கற்கண்டு தகரத்தை உதைக்கிறாள்.
அவிழ்த்துவிட்டால்
எங்கே ஆழமோ அங்கே போய் நிற்கிறாள்,
கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி.

பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன்.
குளம்புக்கு மேலே மடிப்பில்
பருக்கை பருக்கையாய்ப் பொருக்கு.
ஒன்றைக் கிள்ளினேன். மயிரோடு வந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
சுவரைப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும் அந்தக் கடுப்பு.
பதினாறு வயசில் நடவுக்குப் போனேன்.
விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்து
ராத்திரி மருதாணி அரைத்து அப்பிக்கொண்டு படுப்போம்.
சிவந்த பாதத்தைப் பார்த்து
யாருக்கடி கல்யாணம் என்று கேட்ட வரப்புக்காரன் மேல்
பேச்சியக்காள் ஒரு கை சேறு எறிந்தாள்.
மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

ஒச்சப்பனைத்தான் திட்ட வேண்டும்.
தினமும் இருட்டியபின் குழாயைப் பிடித்து
தேங்காய் நாரால் பளபளக்கத் தேய்த்தது அவர்தான்.
சுத்தம் என்று நினைத்தார்.
எஸ்தர் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்:
"ஈரத்தில் தேய்த்தால் மண்ணைத் தோலுக்குள்ளே விதைக்கிறீங்க.
காயட்டும், காய்ந்தால் தானே உதிரும்.
பொருக்கைக் கிள்ளாதீங்க, ஊறவைத்து எடுங்க.
வெளியே விடுமுன் களிம்பு.
ராத்திரி உலர்ந்த தரை."
காயட்டும் என்றால்
எந்த வெயிலில், டாக்டர்?

பார்லரிலிருந்து ஹேர் ட்ரையர் கொண்டுவந்தேன்.
குளிர்காற்றில் வைத்து, காலுக்குப் பத்து நிமிஷம்.
முதல் நாள் கூரையைப் பெயர்க்கப் பார்த்தாள்.
நாலாம் நாள் தானாகவே காலைத் தூக்கித் தந்தாள்.
என்னிடம் வருகிற மணப்பெண்களுக்கு
இதில் பாதிப் பொறுமை கிடையாது.
கரண்ட் போன இரவில் பழைய பனியன் துணி,
ஒற்றி ஒற்றி.

களிம்பு தீர்ந்த ஞாயிறு மருந்துக்கடை இல்லை.
மறுநாள் திருநகரில் முகூர்த்தம்.
பெண்ணுக்கு வைத்தது போகக்
கிண்ணத்தில் மருதாணி மிச்சம் இருந்தது.
யாரையும் கேட்கவில்லை நான்.

விடிந்தால் நாலு வெள்ளையும் செங்கல் நிறம்.
ஒச்சப்பன் ஐந்து நிமிஷம் வாயே திறக்கவில்லை.
பிறகு, "இருபதாயிரம்" என்றார்.

குதிரை பார்க்க மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்தான்,
கூடவே வீடியோக்காரன்.
"அட, குதிரைக்கும் மருதாணியா!
இப்படியே வரட்டும். மேலே ரெண்டாயிரம்."
ஒச்சப்பன் என்னைப் பார்த்தார்.
மடிப்பில் இன்னும் ஈரப்புண் இருந்தது.
மேளத்துக்கு நடுவே ரெண்டு மணி நேரம், தார் ரோடு, மழை.
அட்வான்ஸை எண்ணி அவன் கையில் வைத்தேன்.
மாப்பிள்ளை புல்லட்டில் போனாராம்.

கார்த்திகை பாதியில் புது மயிர் முளைத்தது.
களிம்பா, காற்றா, மருதாணியா?
மூன்றாவதைச் சொன்னபோது
எஸ்தர் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.
"இனிமேல் வேண்டாம்."

வாசலில் இரண்டு லோடு ஜல்லி கொட்டியிருக்கிறோம்,
அவள் உலர்ந்து நிற்பதற்கென்றே.
இன்று மறுபடி தூறல்.
நாலு காலுக்கும் களிம்பு பூசி அவிழ்த்துவிட்டேன்.
ஜல்லியை ஒருமுறை முகர்ந்தாள்.
சுற்றிக்கொண்டு போய்
நடுக்குட்டையில் இறங்கி
வாலை ஒரு சுழற்று சுழற்றினாள்.

ட்ரையர் எங்கே வைத்தேன் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.