பிடுங்காதே

பூந்தா அரேனாசில் அக்டோபர் காற்று.
இரண்டு நாள் விமானமே இறங்கவில்லை.
மூன்றாம் நாள் வந்தது பொட்டலம்:
சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எஸ்எஸ்டி,
அதை உட்காரவைக்க ஓர் அட்டை,
உட்கார்ந்ததை அழுத்திப் பிடிக்க
எள்ளளவு திருகாணி.

கம்பளிக் கிடங்கின் எடைமேசைக் கணினிக்குப்
பதினாறு வயது.
காலையில் பொத்தானை அழுத்தி,
மாத்தேவுக்குக் கெட்டில் வைத்து, அது கொதித்து,
முதல் சுற்றை நான் உறிஞ்சி முடிக்கும்போதுதான்
திரையில் மேகம் விலகும்.
புதிதாய் ஒன்று வாங்கலாமே என்றால்
"தராசு இதோடுதான் பேசும், நெலிதா"
என்பார் தோன் இலாரியோ.
பொய்யில்லை. தராசின் தடித்த கேபிளுக்கு
இப்போது வரும் பெட்டி எதிலும் துளை கிடையாது.

சனிக்கிழமை மூடியைக் கழற்றினேன்.
மின்விசிறி ஸ்வெட்டர் போட்டிருந்தது.
பதினாறு பருவத்து ஆட்டுமயிர்!
கைநிறைய உருட்டி எடுத்து, வீணாவானேன் என்று
தரைக்கூளப் பேலில் போட்டேன்.

பலகையில் புதியவனுக்கென்று இடமே இல்லை.
கிராபிக்ஸ் கார்டு செத்துக் காலியான நீளப் பள்ளத்தில்
அட்டையைச் செருகினேன்.
திருகாணி
விரலுக்கும் திருப்புளிக்கும் நடுவில் இருந்தது.
பிறகு இல்லை.
ஃப்ரிட்ஜ் கதவின் பென்குயின் காந்தத்தை நூலில் கட்டி
மேசைக்கடியில் மேயவிட்டேன்:
இரண்டு ஸ்டேப்ளர் முள், ஒரு குண்டூசி.
கடைசியில் பேல் தைக்கும் சணல்தான்.
மூன்று சுற்று, ஒரு முடிச்சு.

பயாஸ் அவனைக் கண்டுகொள்ளவில்லை.
தனக்குப் பின் பிறந்த எவரையும் அதற்குத் தெரியாது.
போர்வெனிரிலிருந்து மைத்துனன் ஃபெர்மின் போனில் சொன்னான்:
ஒரு பென்டிரைவை வாசலில் நிறுத்து.
அது முதலில் விழிக்கட்டும்.
உள்ளே இன்னார் இருக்கிறார் என்று
கிழத்தின் காதில் போடட்டும்.

போட்டது.

பேல் கணக்கை நகலெடுக்க ராத்திரி முழுக்க ஆனது.
பழைய தட்டு கறகறவெனச் செருமி
ஒரு வருஷத்தைக் கொடுக்கும்,
யோசிக்கும்,
மனசில்லாமல் அடுத்ததைக் கொடுக்கும்.
கொடுப்பவர் கைவேகம்தான் வாங்குபவருக்கும்.
பள்ளமும் பழசு. உறையில் அச்சடித்த வேகத்தில்
பாதிதான் கிடைக்கிறது.
குதிரை பந்தயக் குதிரைதான், சந்து எங்களுடையது.

ஆனாலும் பதினோரு வினாடி!
மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன்,
பக்கத்தில் ஆளில்லாததால் சத்தமாக எண்ணிக்கொண்டு.

திங்களன்று தோன் இலாரியோ
பேத்தியின் ஞானஸ்நானப் படங்களை ஏற்ற
ஒரு பென்டிரைவ் தேடி வந்தார்.
வாசலில் நின்றதைப் பார்த்தார். பிடுங்கினார்.
அப்போது ஒன்றும் ஆகவில்லை.
செவ்வாய் காலை கறுப்புத் திரை,
மூலையில் இமைக்கும் வெள்ளைக் கோடு,
வெளியே ஹார்ன் அடிக்கும் லாரியில் நாற்பது பேல்.
அவர் வீட்டுக்கு ஓடிப்போய் வாங்கி வந்தேன்.
இப்போது அதன் முதுகில் சிவப்பு மையில்
பிடுங்காதே.
தலையில் தண்ணீர் விழுந்து வீறிடும் குழந்தையும்
உள்ளேதான் இருக்கிறாள், அழிக்கவில்லை.

கெட்டில் மட்டும் அதே நான்கு நிமிஷம்.
திரை தயாராகிவிடுகிறது,
கர்சர் துடிக்கிறது,
நான் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன்.

தரைக்கூளப் பேல் வியாழனன்று கப்பலேறியது.
இருநூற்றுப் பதினாலு கிலோ.
திருகாணி அதற்குள் இருக்கலாம்.
தராசு சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.