பதினெட்டு மணி நேரம்

மஞ்சள் பிப்பெட் முனையால்
ஒரே இழுப்பு.
நெருக்கியடித்து நின்ற தோல் செல்களின் நடுவே
வெறும் தெரு ஒன்று விழுந்தது.
சித்திரைக் கடைசி வெள்ளி, மதியம் இரண்டு மணி.
காரைக்குடியில் வெளியே நாற்பது டிகிரி,
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு.
இந்த ஊர்க் கோடையில் குளிர்ந்த இடம்
ஓர் உடம்பின் சூடுதான் என்று
நோட்டில் எழுதி, அடித்தேன்.

இரண்டு தட்டுகள். மூடியில் பெயர் ஒட்டினேன்:
உமையாள், அ. உமையாள், ஆ.
அ-வில் வளர்ச்சிக் காரணி, பத்து நானோகிராம்.
ஊருணியில் உப்புக்கல்லைப் போட்டுவிட்டு
கரிக்கிறதா என்று கேட்கிற அளவு.
செல்லுக்குக் கரிக்கிறது.
ஆ-வில் ஒன்றும் ஊற்றவில்லை.

சவ்வில் தனித்தனியாய் மிதக்கும் ஏற்பிகள்
காரணி வந்து தொட்டதும் ஜோடி சேரும்,
ஒன்றின் வாலில் மற்றது பாஸ்பேட் ஒட்டும்,
அப்புறம் உள்ளுக்குள் கைமாற்றம்,
ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்கு.
இது படித்தது. கண்ணால் பார்த்ததில்லை.
ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தது ஓரத்தை மட்டும்:
எண்ணெயில் ஊற்றிய வெள்ளைப் பணியாரத்தின் விளிம்பாய்ச்
சுருள் சுருளாய் விரிந்துகொண்டிருந்தது.
அதற்கடியில் ஆக்டின் இழைகள்
கருவேலம்போலக் கவை விட்டுக் கவை விட்டுச்
சவ்வை நெட்டித் தள்ளுகின்றன.
முன்னே நீட்டுவது எளிது.
பின்பக்கம்தான் விடாது.
இறுக்கி, பிய்த்து,
வாலில் ஒரு துணுக்கைத் தரையிலேயே விட்டுவிட்டு
வருகிறது செல்.

தட்டு முழுக்க ஒரே அளவு மருந்து.
நட என்றது, அவ்வளவுதான்.
எந்தப் பக்கம் என்று சொன்னது
காலியாய்க் கிடந்த இடம்.

ஒன்பதுக்கு கேஸ் சிலிண்டர் மாற்ற வந்தார் சேசுராஜ்.
இடது குதிகாலில் ஏழு மாதப் புண், சர்க்கரை.
செவ்வாய்தோறும் பெரியாஸ்பத்திரியில் கட்டு.
மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து
"ரோட்டை மூடுறாய்ங்க போல" என்றார்.
பிறகு, கண்ணை எடுக்காமலே,
"இந்தத் தண்ணியில ரெண்டு சொட்டு
எங் கால்ல விட்டா என்ன மேடம்?"

அந்தக் காலிலும் சொல் வருகிறது.
வருகிற வழியிலேயே அதை நறுக்கிப் போடும் நொதிகள்,
மிச்சத்தைக் கேட்கக் காது குறைந்த செல்கள்.
கீழ்த்தட்டில் ரெஜினாவின் பெட்டி,
மார்புக் கட்டியிலிருந்து வந்த செல்கள்.
அவற்றுக்கும் இதே மருந்து, இதே நட.
எழுந்து ரத்தக்குழாய் தேடிப் போகின்றன.
இரண்டையும் சொல்லவில்லை.
"ஜெல்லா விக்கிறாங்க, விலை ஜாஸ்தி."
"எம்புட்டு?"
சொன்னேன்.
ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு
சிரித்தார்.

ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிப் பிடிக்கும்வரை
இன்குபேட்டர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்,
யாரோ வந்து திறந்துவிடுவார்கள் என்பதுபோல.
ஜன்னல் இல்லாத அறை அது.

காலை எட்டு. பதினெட்டாவது மணி.
அ-வில் இடமும் வலமும் தொட்டுவிட்டன.
தொட்ட இடத்தில் சுருள் மடங்கி
நடை நின்றது.
போட்டோ எடுத்தேன்.
ஆ-வில் தெரு தெருவாகவே கிடந்தது,
ஆனால் நடுவில் மூன்று செல்கள்.
யார் கூப்பிட்டார்கள்?
தாங்களே சுரந்து, தாங்களே கேட்டு
எழுந்து வந்திருக்கலாம்.
கீறும்போது பிய்ந்து மிதந்தவை
அங்கே வந்து ஒட்டியும் இருக்கலாம்.
மறுபடி எண்ணினேன். மூன்று.
நோட்டில் எழுதினேன், அடிக்கவில்லை.

காலி சிலிண்டரை எடுக்க சேசுராஜ் வந்தார்.
வலது காலில் செருப்பு,
இடது காலில் ரப்பர் பேண்ட் போட்ட பாலிதீன் பை,
பை முழுக்கச் செம்மண்.
ராத்திரி மழை பெய்திருக்கிறது.