இரண்டு கேஸ் மீட்டர்கள்

ஹோல்ட்ஸ்பாக் ஊருக்குக் கோவில் ஒன்றுதான்.
உள்ளே போனால் இரண்டு.
நடுவில் இடுப்பளவு இரும்புக் கிராதி.
அந்தப் பக்கம் கத்தோலிக்கருக்கு:
பீடம், அணையாத விளக்கு, மரத்தில் செதுக்கிய மாதா.
இந்தப் பக்கம் லூத்தரன் சபையாருக்கு:
வெள்ளைச் சுவர், பிரசங்க மேடை, பாட்டு எண் பலகை.
சனிக்கிழமை மாலை அங்கே திருப்பலி.
ஞாயிறு பத்து மணிக்கு இங்கே ஆராதனை.
முந்நூறு வருஷமாக
வெண்டலின் வீட்டார் அங்கே செபிக்கிறார்கள்.
சலோமே வீட்டார் இங்கே ஜெபிக்கிறார்கள்.
ஆண்டவர் ஒருவர். கேஸ் மீட்டர் இரண்டு.

நான் ஆர்கனுக்குச் சுருதி சேர்க்கிறவள்.
வருஷத்துக்கு ஒரு முறை ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து
கருவிப் பெட்டியும் ஃப்ளாஸ்க் காப்பியுமாக வருவேன்.
அந்த ஆர்கன் மட்டும் பாகம் பிரியாத சொத்து.
பிரித்தால் காற்று போய்விடும்.

இந்த முறை ஜனவரியில் வரச் சொன்னார்கள்.
குளிரில் குழாயின் சுருதி இறங்கும்.
பாதிக் கோவில் சூடு, பாதி பனி என்றால்
காலையில் சேர்த்தது மதியத்துக்குள் கலைந்துவிடும்.
"இரண்டு கொதிகலனையும் ஒன்றாகப் போடுங்கள்" என்றேன்.
"அது எங்கள் வழக்கம் இல்லையே" என்றார் வெண்டலின்.
"எங்கள் பட்ஜெட்டிலும் இல்லை" என்றாள் சலோமே.
கிராதிக்கு இருபுறமும் நின்று பேசினார்கள்.
அவர்கள் வாய்ப்புகை
யாரையும் கேட்காமல் கம்பிகளைத் தாண்டியது.

மாடத்தில் காத்திருக்கையில்
எனக்கு அந்த ராத்திரி நினைவுக்கு வந்தது.
சாப்பாடு முடிந்திருக்கிறது.
கழுவிய கால்களில் இன்னும் ஈரம்.
ஒருவன் எழுந்து போன இடம் காலி.
மிச்சம் சில மணி நேரம்.
நானாயிருந்தால் என் உயிரைக் கேட்டிருப்பேன்.
அவர் கூட இருந்தவர்களுக்காகக் கேட்டார்.
உலகத்தை விட்டு இவர்களைத் தூக்கிவிட வேண்டாம்,
தீமை தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று.
அப்புறம்
அந்த அறையில் இல்லாதவர்களுக்காகவும்.
ஹோல்ட்ஸ்பாக் வெறும் காடாக இருந்த காலத்தில்
இந்தக் கிராதியை அடிக்கப்போகும் கொல்லனுக்காகவும்.
அவருக்கும் அப்பாவுக்கும் நடுவே கிராதி இல்லாதது போல
இவர்களுக்கு நடுவிலும் இல்லாதிருக்க வேண்டுமென்று.

குருடன் கேட்டான், பார்வை வந்தது.
கடலை அதட்டினார், அடங்கியது.
கல்லறை முன் நின்று கூப்பிட்டார்,
செத்தவன் கட்டுகளோடு நடந்து வந்தான்.
இந்த ஒரு விண்ணப்பம் மட்டும்
மேலே போய்
எங்கள் விலாசத்துக்கே திரும்பிவிட்டது.
எதையெதையோ பிரித்த நாங்கள்
அந்த உறையை மட்டும்
பிரிக்காமல் வைத்திருக்கிறோம்.

கீழே என்ன பேசி முடித்தார்களோ.
ஒரு கொதிகலன் செருமியது. பிறகு இன்னொன்று.
"மூன்று மணி வரைதான்." வெண்டலின் குரல்.
"பில்லைப் பிறகு பார்ப்போம்." சலோமே குரல்.

அவளே ஏறி வந்து எனக்காகக் கட்டைகளை அழுத்தினாள்.
கல்லறைத் தோட்டத்தில் வேலிக்கு அந்தப் பக்கம்
அவள் புருஷன் இருக்கிறான், வெண்டலினின் தம்பி.
இவளுக்கு ஒதுக்கிய இடம் இந்தப் பக்கம்.
இதை அவள் சொல்லவில்லை. பேக்கரியில் சொன்னார்கள்.

இரண்டு குழாய்கள் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நின்றால்
ஒலி அடித்துக்கொள்ளும்.
வவ்வவ்வவ் என்று, மூச்சிரைக்கும் சண்டைக்காரர்கள் போல.
ஒன்றின் உச்சி வளையத்தை மயிரிழை தட்டுவேன்.
வவ்... வவ்......
வவ்.........
பிறகு இல்லை.
சத்தம் அப்படியே இருக்கும். அடிதடி மட்டும் போயிருக்கும்.
குழாய்கள் நின்ற இடத்தில்தான் நிற்கும்,
ஒன்று ஈயம், ஒன்று மரம்.

"இப்போது?" என்றாள் சலோமே, விரலை எடுக்காமல்.
"இப்போது சரி" என்றேன்.
அவள் இன்னும் சற்று நேரம் எடுக்கவில்லை.
கீழே வெண்டலின் தொப்பியைக் கழற்றுவது தெரிந்தது.
எந்தப் பாதியில் நின்றார் என்பதைத் தூண் மறைத்தது.

மூன்று மணிக்கு ஒரு கொதிகலன் அணைந்தது.
மற்றது மூன்றேகாலுக்கு.
நாற்பது குழாய்கள் பாக்கி.
"நாளைக்கும் இரண்டும் எரிய வேண்டும்" என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில்
பெருமூச்சு விட்டார்கள்.