இடைவேளை

ஈசூனில் இரவுக்காட்சி விட்டு
புளோக்கடிக் காப்பிக்கடை.
டிஸ்யூ பாக்கெட் போட்டு மேசை பிடித்தவன் என் மைத்துனன்.
ஆறு டிக்கெட்டும் அவன் செலவுதான்.

"ஏமாத்துற வரைக்கும் சூப்பர்.
அப்புறம் அம்மா, தங்கச்சி, ஆஸ்பத்திரி...
சீரியலுக்கு எதுக்கு என் சனிக்கிழமை?"
பராட்டாவைக் கிழித்தபடி கபிலன்.

அந்த வீடு இல்லையென்றால்
அவன் வெறும் திருடன் என்றாள் பக்கத்து வீட்டு மெஹருன்னிசா.
தங்கை வளையலைத் தானே எடுத்துவிட்டு
டார்ச் அடித்துக் கட்டிலடியில் தேடுகிறானே,
அங்கே தனக்கு மூச்சே நின்றுபோனதாம்.

என் மகளுக்கு எதுவும் ஒட்டவில்லை.
"ஓடிபி கேட்டா உடனே சொல்லிடுவாங்களா?
பிரைமரி ஒன் பிள்ளகூடச் சொல்லாது லா."

மனைவி தே ஹாலியாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

மைத்துனன் அழுததை நான் பார்த்தேன்.
கடன் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்திடும் இடம்.
திரை வெளிச்சத்தில் கன்னம் நீலமாய் நனைந்திருந்தது.

எட்டாயிரம் வெள்ளி.
போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி.
"அடுத்த மாசம் அத்தான்."
இங்கே தியேட்டரில்
இடைவேளை என்று எழுத்து மட்டும் வரும்,
விளக்கு எரியாது,
படம் பாட்டுக்கு ஓடும்.

"நீங்க சொல்லுங்க அத்தான், எப்படி?"

மேசையே என் பக்கம் திரும்பியது,
மனைவியைத் தவிர.

"பையன் நல்லா நடிச்சிருக்கான்."

அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.
அவன் டிஸ்யூ பாக்கெட்டைப் பிரித்தான்.
எண்ணெய்க் கைகளுக்கு
ஆளுக்கொன்று கொடுத்தான்.
எனக்கு இரண்டு.