ஏற்றத்தில் மட்டும்

மூன்றாம் முறை வந்தபோது
தோக்தோசுன் எஞ்சினை அணைக்கவில்லை.
"நீயே கேட்டுக்கொள்" என்று
கதவைத் திறந்தபடி விட்டு இறங்கினான்.

கேட்டேன்.
கோச்கோரின் சமதரையில், காலை எட்டு மணிக்கு,
அந்தப் பழைய கமாஸ்
சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனைப் போல
அத்தனை அடக்கம்.
எட்டு சிலிண்டரும் ஒரே பேச்சு.

அவன் சொல்வது வேறு கதை:
பத்து டன் நிலக்கரி,
டொலான் கணவாய் ஏற்றம்,
நான்காவது வளைவு தாண்டியதும்
வெள்ளைப் புகை.
மிதித்தால் மிதித்த இடத்திலேயே நிற்கும்.
ஆனால் எல்லா நாளும் இல்லை.
சில நாள் ஆட்டுக்குட்டி போல ஏறிவிடும்.

தோக்தோசுன் என்றால் எங்கள் மொழியில்
நிலைக்கட்டும் என்று பொருள்.
முன் பிறந்த இரண்டு தங்காததால் வைத்த பெயர்.
வண்டி நின்ற இடத்திலெல்லாம்
அதைச் சொல்லிச் சிரிக்க யாராவது இருந்தார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்.

முதல் முறை ஃபில்டர் என்றேன்.
மாற்றினான்.
இரண்டாம் முறை நாசில் என்றேன், எட்டும் என்றேன்,
கையைத் துணியில் துடைத்துக்கொண்டே,
பல் வலிக்கு மாத்திரை சொல்வது போல.
ஞாயிறு சந்தையில்
செம்பட்டைப் பெண் குதிரையை விற்று வந்தான்.

இப்போது டைமிங் பார்த்தேன்.
ஃபிளைவீல் குழியில் முளை விழுந்தது.
பம்பின் கோடும் எதிர்க்கோடும்
நேருக்கு நேர்.
"ஒன்றுமில்லையே" என்றேன்.
அந்த 'ஏ'யில்
நீ பொய் சொல்கிறாய் என்பதும் கொஞ்சம் கலந்திருந்தது.
அவனுக்குக் கேட்டிருக்கும்.

ராத்திரி தூங்கவில்லை.
விடிவதற்குள் எழுந்து
ஜிப்பாரின் அலமாரியிலிருந்து
சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டேன்.
இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில்,
பம்பைச் சுழற்றும் கப்ளிங்கின் மேல்
இந்தத் தகட்டிலிருந்து அந்தத் தகட்டுக்கு
ஒரே கோடு இழுத்தேன்.
காயும்வரை ஊதினேன்.
தோக்தோசுன் ஒன்றும் கேட்கவில்லை,
கரி ஏற்றப் போய்விட்டான்.

முதல் வளைவு, சரி.
இரண்டு, மூன்று, சரி.
நான்கிலும் சரி.
எனக்கு எரிச்சலாக இருந்தது:
நோயாளி பிழைத்துவிட்டால் கோபப்படுகிற
வைத்தியன் நான்.

மேலே போகப் போகப் பனி.
சாலையின் குறுக்கே செம்மறிகள்;
மேய்ப்பன் சவாரியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.
நின்று, மறுபடி இரண்டாம் கியரில் எழும்பியபோது
எஞ்சின் ஒருமுறை இருமிற்று.
பின்னாடிக் கண்ணாடி முழுக்க வெள்ளை.
"நிறுத்து! அப்படியே நிறுத்து!"

கேபினைச் சாய்த்தோம்.
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது,
அவன் தோள் கொடுத்துத் தாங்கினான்.
டார்ச் அடித்தேன்.

சிவப்புக் கோடு இரண்டாகியிருந்தது.
நடுவில் ஒரு தீக்குச்சியின் கனம்.
நீள்துளையில் போல்ட் இறுக்கமில்லாமல்
வழுக்கியிருக்கிறது.
பாரம் ஏறினால் பின்வாங்கும்,
டீசல் தாமதமாய்ப் போய்ச் சேரும்;
இறக்கத்தில் அதிர்ந்து அதிர்ந்து
தன் இடத்துக்கே திரும்பி
என் பட்டறை வாசலில்
ஒன்றும் தெரியாதது போல நிற்கும்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
விரலில் உணர்ச்சி இல்லை.
கோட்டின் இரு துண்டையும் சேர்த்துப் பிடித்து
இறுக்கினேன், அரைச் சுற்றுக்கும் குறைவு.
நாளைக்குப் புது போல்ட் போடலாம் என்றேன்.
தலையசைத்தான்.
உச்சி வரை ஏறினோம்,
புகை இல்லை.

டாஷ்போர்டின் கீழே செய்தித்தாளில் சுற்றி
கழற்றிய பழைய நாசில்கள், எட்டும் நல்லவை,
ஒவ்வொரு குழிக்கும்
ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன.
பணம் வேண்டாம் என்றேன்.
கேட்காதது போல
என் சட்டைப் பையில் திணித்தான்.

குதிரையைப் பற்றி
அவனும் பேசவில்லை.