இரண்டரை மணி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடியில்,
ஏஜென்சிக்காரர் விரல் மடக்கிச் சொன்னார்:
பாஸ்போர்ட், மெடிக்கல் துண்டு, இரண்டு கவுன்,
ஸ்வெட்டர் வேண்டாம், அங்கே வெயில்.
போன்?
அதற்கு மட்டும் விரல் பாதியில் நின்றது.
"கொண்டு போனா வாங்கி வச்சிருவாங்க.
கொண்டு போகாட்டி நீங்களே அழுவீங்க.
உங்க இஷ்டம், தங்கச்சி."

பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் லயத்தில்,
எங்கள் காம்பிராவில், போன் ஒன்றுதான்.
திரையில் மூலைக்கு மூலை ஒரு கீறல்.
கடைக்கு இன்னும் நான்கு தவணை.
அதில்தான் நிரோஜனுக்கு ஏழாம் வகுப்புப் பாடம் வருகிறது.
அதில்தான் குழுக்கடன்காரி செவ்வாய்தோறும் ஏசுகிறாள்.
சிக்னலுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும்;
மழை நாளில் ஒரே படங்கு, மகனுக்கும் போனுக்கும்.
போனுக்குத்தான் அதிகம்.

"நீ எடுத்துக்கிட்டுப் போ" என்றார் தவச்செல்வன்.
"பாஷை தெரியாத வீட்டில ஒனக்கு யாரு இருக்கா?"
"நான் பேசினா நீங்க எதில கேப்பீங்க?"
எழுந்து போய்ப் பீலியில் முகம் கழுவிவிட்டு வந்தார்,
ஏற்கெனவே கழுவிய முகத்தை.
அன்று இரவெல்லாம் அந்த ஒரு போனை
அவர் பக்கமும் என் பக்கமுமாய்த் தள்ளினோம்,
தட்டில் மிஞ்சிய கடைசி வடையைப் போல.

எங்கள் நம்பரே எனக்கு மனப்பாடமில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.
நம் வீட்டுக்கு நாமே எப்போது அழைத்தோம்?
மறுநாள் ஏழாம் நம்பர் மலையில்
கொழுந்துக்கு ஓர் எண்ணாக ஓதினேன்.
சைபர், ஏழு, ஏழு...
"யாருக்கு மந்திரிக்கிறே?" என்றார் கங்காணி.
ஆறு எண் வரைக்கும் ஓடும்,
ஏழாவதில் நாக்கோடு விரலும் நின்றுவிடும்.
அன்று மடுவத்துத் தராசில் எட்டே கிலோ.
அரைப் பேர் போட்டார்கள்.

வழி சொன்னவள் அடுத்த காம்பிரா ஜெபமாலை.
அவள் போனுக்கு இரண்டு சிம் வாய்,
ஒன்று சும்மா கிடக்கிறது.
"நம்பர் இங்க இருக்கட்டும்டி, டப்பா ஒன்னோட போகட்டும்."
சரிதானே, ஊருக்கு நம்பரைத்தானே தெரியும்:
ஸ்கூலுக்கு, கடைக்காரனுக்கு, கடன்காரிக்கு.
நிரோஜன் ஊக்கு நுனியால் சிம்மை எடுத்தான்,
காலில் முள் எடுக்கிற மாதிரி, மூச்சுப் பிடித்து.
இனிப் பாடமெல்லாம் ஜெபமாலை வீட்டில்,
அவளுக்குக் கோபம் வராத நாட்களில்.

கட்டுநாயக்கவில் எல்லாப் பெண்களும்
காதில் போனை வைத்துக்கொண்டு அழுதார்கள்.
என்னுடையது வெறும் டோர்ச் லைட்.
நான் சும்மா அழுதேன்.

குவைத்தில் மேடம் முதலில் கை நீட்டியது அதற்குத்தான்.
பின்பக்கம் திருப்பினாள், முன்பக்கம் தட்டினாள்,
சிம் இல்லாத குழியை நகத்தால் தொட்டுப் பார்த்தாள்.
பல்லில்லாத நாய் என்று நினைத்திருப்பாள்.
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளி இரவு அவள் போனில் எனக்குப் பத்து நிமிடம்.
வெளிநாட்டிலிருந்து அடித்தால்
முதல் சைபரை விட வேண்டுமாம்.
நான் ஓதிய மந்திரமே அதில்தான் தொடங்குகிறது;
வாயால் சொல்லிக்கொண்டு, விரலால் விட்டுவிடுகிறேன்.

மற்ற நாளெல்லாம் டப்பா தலையணைக்கடியில்.
கடல் தாண்டியதை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்,
இன்னும் மலை நேரம்தான் காட்டுகிறது.
நானும் திருத்தவில்லை.
சமையலறைச் சுவரில் ஐந்து மணி,
இதில் ஏழரை.
பெரட்டு முடிந்து மலை ஏறியிருப்பார்கள்.
ஸ்கூல் மணி அடித்த பிறகும்
நிரோஜன் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருப்பான்.

நேற்று மேடம் மணி என்ன என்று கேட்டாள்.
கற்றுக்கொண்ட அரபியில், பாத்திரத்திலிருந்து தலை தூக்காமல்,
இரண்டரை மணி கூட்டிச் சொல்லிவிட்டேன்.
கார்ச் சாவியோடு வாசல் வரை ஓடினாள்,
செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு,
பிள்ளையைக் கூட்டிவர.