தாழ்தளப் பேருந்து

முதல் நாள் ஒன்றுமே செய்யவில்லை.
அதுதான் அதன் தந்திரம்.
பிடோக் நீர்த்தேக்கத்தைப் பாதி சுற்றிவிட்டு
வியர்வை காயாமல் வீட்டுக்குள் வந்து
"பதினோரு வருடம் கழித்தும் பார்த்தாயா"
என்று சேந்தனிடம் மார்தட்டிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் லேசாக ஒரு முனகல்.
அதற்கடுத்த நாள்தான்
கட்டிலிலிருந்து என் கால்களை
இரண்டு அரிசி மூட்டைகளாக
ஒவ்வொன்றாய் இறக்கிவைத்தேன்.

அன்று பார்த்து மின்தூக்கி
நான்கு மொழிகளில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றது.
ஏறுவது பரவாயில்லை.
இறங்குவதுதான்.
ஏழு மாடி
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
பின்பக்கமாக இறங்கினேன்,
கப்பலில் இருந்து படகுக்கு இறங்குகிறவளைப் போல.

மூன்றாம் மாடியில் கைருடின்,
இரண்டு கையிலும் மீன் பை.
"காக்கி சாக்கிட்?" என்றார்.
"லாரி," என்றேன்.
மலாயில் ஓட்டம்.
தமிழில் என்னவென்று உங்களுக்கே தெரியும்.
இரண்டு மொழியிலும் நான் பொய் சொல்லவில்லை.

அலுவலகக் கழிப்பறையில்
உட்காரும் கடைசி நான்கு அங்குலத்தை
கடவுளிடம் விட்டுவிடுவேன்.
சேந்தன் தேய்த்த கோடாரித் தைலத்தால்
பாய லேபார் வரைக்கும்
பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.
அது ஒரு வசதி.

பலதுறை மருந்தகத்தில் ஹுவீ ஷியென்
என் மகளைவிட மூன்று வயது பெரியவள்,
முழங்காலை மடக்கி நீட்டி
"வலி எத்தனை? ஒன்றிலிருந்து பத்துக்குள்" என்றாள்.
பிரசவம் பத்து என்றால்
இது இரண்டு.
பதினேழு வயதில், காலாங் அரங்கில்,
எண்ணூறு மீட்டரின் கடைசி வளைவு எட்டு என்றால்
இது ஒன்றரை.
சட்டைக்குள் வயிற்றை இழுத்துப் பிடித்தபடி
இளம்பிள்ளைகளுக்கு வழிவிடுவதற்கு
எண் ஏதும் உண்டா என்று கேட்கவில்லை.
நான்கு என்று சொல்லிவைத்தேன்.
அவள் எழுதிக்கொண்டாள்.

அந்தப் பழைய அரங்கத்தையே இடித்துவிட்டார்கள்.
முழங்காலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இப்போது எனக்கே கொஞ்சம் பிடிபடுகிறது.
தொடை முழுக்கப் பரவி
மாவு புளிப்பதைப் போல மெதுவாக ஏறி
நடக்க நடக்க இளகிவிடும் வலி
வாடகை. கட்டிவிடலாம்.
விரல் வைத்துக் காட்ட முடிகிற வலி
வேறு.

அது ஆறாவது வாரம் வந்தது,
இரண்டு கிலோமீட்டர் தாண்டி,
இடது மூட்டின் உட்பக்கம், ஊசிமுனை அளவு.
பழைய நான் பல்லைக் கடித்திருப்பேன்.
பழைய எனக்குப் பல்லும் நன்றாக இருந்தது.

நின்றேன்.
பாதையின் குறுக்கே ஓர் உடும்பு
நாக்கை நீட்டிக் காற்றைச் சோதித்து
நான்கு எட்டு வைத்து, நின்று,
மறுபடி நான்கு எட்டு வைத்து
புல்லுக்குள் போனது.
அதை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.
ஒரு பையன் படம் பிடித்தான்.

திரும்பி நடந்தேன்.
நடை நொண்டலானதும்
வெட்கத்தை விழுங்கிவிட்டுப்
பேருந்து நிறுத்தத்தில் நின்றேன்,
ஓட்டக் காலணியும், நேரம் பார்க்கும் கடிகாரமும்,
காதில் இன்னும் அதிர்கிற பறையோசையுமாக.

வந்த பேருந்து
உஸ்ஸென்று பெருமூச்சுவிட்டு
ஒரு பக்கமாக உடலைத் தாழ்த்தியது.
எந்தக் கிழவிக்காக என்று
திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் ஒரு மைனா மட்டும்.

ஓட்டுநர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.
அந்த மரியாதை போதும்.
எத்தனை டன் எடை!
முட்டி மடக்கி, ஆளை ஏற்றி,
ஒரு கிறீச் இல்லாமல் எழுந்துகொண்டது.
பொறாமையாக இருந்தது.

சிவப்பு இருக்கை ஒன்று காலி.
பக்கத்து அம்மா கையால் தட்டிக் காட்டினார்.
சிரித்தேன், நின்றேன்.
வீம்பு இல்லை.
மூன்று நிறுத்தம்தான்.
உட்கார்ந்தால்
எழுந்திருக்க வேண்டுமே.